திருநாட்டுக்குக் கிளம்பியவர்

தெற்கே விமானச் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். அத்தாவுக்குப் பிளேன் பைத்தியம் இன்னும் தெளியவில்லை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பிளேனைப் பார்க்க வருவதில்லை. அதில் ஒரு பெரியவர் வருகிறாரோ என்ற எண்ணம்தான் என்னை எழுப்பிவிடுகிறது. அவர் முகத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்பு எனக்குத் திருச்சி விமான நிலையத்தில் வேலை. நிலையம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஊருக்குத் தெற்கே ஒரு செம்மண் பொட்டல், ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றடிக்கும் திசையைக் காட்ட ஒரு துணிப் பை, அவ்வளவுதான். சுற்றுப்பட்டு ஜனங்கள் அந்தப் பையைச் சட்டைக்கை என்பார்கள். பிளேன் வரும் நாளில் முதலில் ஆடுமாடுகளை விரட்டுவோம். வந்ததும் டின் டின்னாகப் பெட்ரோலைத் தோலில் வடிகட்டி ஊற்றுவோம். தபால் மூட்டைகளை எடை போட்டு ஏற்றுவோம். பம்பாயிலிருந்து வரும் தபால் எங்கள் பொட்டலில் இறங்கிக் கொழும்புக்குப் போகும். மூட்டைகளுக்கு நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் உண்டு. நான் கம்பியில்லாத் தந்திக்காரன். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, அதில் வரும் தட்டல்களை எழுத்தாக்கிச் சீட்டில் எழுத வேண்டும். பாலக்கரை ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உத்தியோகம் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

அன்று காலை கொழும்புக்குப் போக ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் வந்திருந்தார். நெற்றி நிறையத் திருமண், கையில் ஒரு சின்னப் பை. அவருடைய அப்பா கொழும்பில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். நிலைமை மோசம் என்று மாப்பிள்ளை தந்தி கொடுத்திருந்தார். வக்கீல்தான் ஒரே மகன்.

"எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

"மத்தியானத்துக்குள்ள போயிடும் சாமி. பயப்படாதீங்க" என்றேன்.

"உயிரோட பார்த்துட்டாப் போதும். இல்லேன்னாலும் கொள்ளி வைக்கவாவது நான் இருக்கணும்" என்றார்.

அவரைத் தராசில் நிற்க வைத்து எடை எழுதி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பிளேனின் விசிறி சுழன்றது. அந்த நேரத்தில்தான் கொழும்பு நிலையம் என்னைக் கூப்பிட்டது. மாப்பிள்ளை அந்த நிலையத்துக்கே வந்து, மைத்துனரிடம் சொல்லும்படி கொடுத்த செய்தி. எழுத்தெழுத்தாக எழுதினேன். 'ஃபாதர் லெஃப்ட் ஃபார் திருநாடு திஸ் மார்னிங்.'

ஒன்றுமே தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தச் சீட்டை அப்படியே அவர் கையில் கொடுத்திருப்பேன். எனக்கோ அரைகுறையாகத் தெரியும். ஸ்ரீரங்கத்துப் பையன்களோடு படித்தவன் நான். அவர்கள் வீட்டைத் திருமாளிகை என்பார்கள். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பார்கள். எதை எடுத்தாலும் ஒரு திரு. அப்படியானால் திருநாடு என்றால் சொந்த ஊர். காய்ச்சல் விட்டுவிட்டது, பெரியவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், கொட்டகையை விட்டுச் செம்மண் பறக்க ஓடினேன்.

"சாமி, இறங்குங்க. அப்பா ஊருக்குக் கிளம்பிட்டாராம். இப்பத்தான் செய்தி வந்துச்சு" என்று விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். அத்தனை முடியாதவர் எப்படிக் கிளம்பினார் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் செய்தி பொய்யாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இறங்கினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தொட்டால் தீட்டு என்று ஒதுங்கும் ஆசாரக்காரர் என் கையை விடவே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் எழுந்த இடத்தில் இன்னும் இரண்டு மூட்டைகளை ஏற்றி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மறுபடி வந்தார். இரண்டு நாளாக, கொழும்பிலிருந்து கப்பலில் வருகிறவர்களை ஏற்றிவரும் போட் மெயில் ரயில் வரும்போதெல்லாம் ஜங்ஷனில் நின்றிருக்கிறார். வழியில் மண்டபத்தில் தங்கிவிட்டாரா, ராமேஸ்வரத்தில் இறங்கித் தரிசனம் பண்ணுகிறாரா என்று தானே காரணங்களையும் சொன்னார். பிறகு, "வந்த செய்தியை வரி பிசகாமச் சொல்லுங்கோ" என்றார்.

கோப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். படித்தார். ஒரே வரிதான், வெகு நேரம் படித்தார்.

"பாய், திருநாடுன்னா என்னன்னு நினைச்சேள்?"

"ஸ்ரீரங்கம்னு நினைச்சேன் சாமி."

"வைகுண்டம். எங்களவா செத்துப்போயிட்டார்னு சொல்ல மாட்டோம். திருநாட்டுக்கு எழுந்தருளினார்னு சொல்லுவோம்."

எங்கள் வீட்டில் மவுத்தாயிட்டார் என்போம். கொழும்பிலிருந்து அந்த வார்த்தை வந்திருந்தால், அவரை இறங்கவிடாமல் அந்தப் பிளேனிலேயே அனுப்பியிருப்பேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. துக்கம் கேட்டால் உடுத்திய துணியோடு குளிக்க வேண்டும் அவர்களுக்கு. கொட்டகைக்குப் பின்னால், தீப்பிடித்தால் அணைக்கவென்று தோண்டிய கிணறு ஒன்று இருந்தது. அங்கே போய் வாளியை இறக்கினார். கயிறு கையில் நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. நான் நாலடி தள்ளி நின்றேன். நான் தொட்ட வாளியில் அவர் குளிப்பாரா?

"நீங்களே இறைச்சு ஊத்துங்கோ" என்றார்.

ஊற்றினேன். எத்தனை வாளி என்று நினைவில்லை. திருமண் கரைந்து மூக்கில் வழிந்தது. தலையைத் துடைக்காமல் சொன்னார்: "மூணு நாளா எங்கப்பா வந்துண்டிருந்தார், பாய். ஆத்துல திருக்கண்ணமுது பண்ணி வெச்சுண்டு உக்காந்திருந்தோம்."

நன்றியாகச் சொன்னாரா, என் நெஞ்சில் குத்தச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போனார். துக்கக்காரர் அப்படிச் சொல்லக் கூடாது.

அடுத்த வாரம் கொழும்புத் தந்திக்காரன் தட்டிக் கேட்டான், அன்றைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று. மாப்பிள்ளையும் அவர் மனைவியும் கொழும்பு நிலையத்திலேயே காத்திருந்தார்களாம். கதவைத் திறந்தால் மூட்டைகள் மட்டும் இருந்தன. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு மாப்பிள்ளையே கொள்ளி வைத்தாராம். படித்துவிட்டு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். சர்வீஸில் நான் கிழித்த ஒரே சீட்டு அது.

பிறகு சண்டை வந்தது. பொட்டலில் பட்டாளத்துப் பிளேன்கள் நிறைந்தன. இங்கிருந்து கிளம்பிற்று, அங்கிருந்து கிளம்பிற்று என்று நாள் முழுதும் 'லெஃப்ட்' 'லெஃப்ட்' என்றே எழுதினேன். ஒவ்வொரு தடவையும் கை நின்று நின்று நகர்ந்தது. எந்தச் செய்தியையும் அதன்பின் நான் வாயால் சொன்னதில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

வக்கீலுக்கு அந்தக் கிணற்றடியோடு அப்பா இறந்துபோனார். என் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்கு அந்தப் பெரியவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.