இயக்குநர் அறை

எங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கை ஆய்வு மையத்தைத் தொடங்கி, தொண்ணூறுகளின் கடைசி வரை நடத்தியவர் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஓய்வு பெற்ற மறுநாளும் அவர் வழக்கம்போல ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திவிட்டு இயக்குநர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். புதிய இயக்குநரான நான், மாடிப்படியை ஒட்டிய என் பழைய அறையிலேயே இருந்தேன்.

முதலில் அது எனக்குத் தவறாகவே படவில்லை. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகளான என்னை வேலைக்கு எடுக்க மற்றவர்கள் தயங்கியபோது, எனக்காக வாதாடியவர் அவர். அவரை எழுந்திருக்கச் சொல்ல நான் யார்?

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்துவந்த நேரம் அது. அங்கிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி ஆய்வு தொடங்கச் சொல்லியிருந்தேன். வேலை நகரவேயில்லை. ஏன் என்று கேட்டேன். அலுவலகப் பெண் சங்கடத்தோடு சொன்னாள்: "பெரிய சார் 'சும்னே வையி, அப்புறம் பாக்கலாம்'னுட்டாரு மேடம்."

அதே வாரம் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். அங்கே யார் இயக்குநர் என்றே தெரியவில்லை, மையத்தைப் பொருளாதாரத் துறையோடு சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். திரும்பி வந்ததும் நேராகப் பெரியவரிடம் போனேன்.

"சார், திங்கக்கெழமலருந்து இந்த ரூம்ல நான் உக்காரணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இருக்கறது உனக்கு எடைஞ்சலா இருக்காம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாம் அன்றோடு முடிந்தது.

"ஆமா சார்."

"உன்னக் கொண்டாந்ததே நான்தான்."

"அத மறக்கல சார். ஆனா அந்த ஸ்டடிய நடத்தப்போறேன். தப்பாப் போனா திட்டு எனக்குத்தான் விழணும், உங்களுக்கில்ல."

"சொந்த ஊருக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் சார்."

புத்தகங்களை அவரே துணிப்பையில் அடுக்கினார். உதவ வந்த அலுவலகப் பெண்ணைத் தடுத்துவிட்டார். நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

அதன்பிறகு பல மாதங்கள் அவர் வரவில்லை. மதியச் சாப்பாட்டு மேசைக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். நன்றி கெட்டவள் என்று பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஆய்வுக்காக மாணவர்களோடு அந்தக் காலை ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்தேன். பீன்யா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார்: "நீ எழுதினா ட்ரெயின்ல பொட்டி சேப்பாங்களா?"

"தெரியலக்கா. எழுதலன்னா கேக்கவே ஆளில்ல."

ஆய்வறிக்கையை முன்வைத்த நாளில் அரங்கு நிறைந்திருந்தது. பெரியவரும் வந்திருந்தார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான்.

"வேல கெடச்சு ரயில் ஏறுனவங்களத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. ஏற முடியாம ஊரோட நின்னுட்டவங்க?"

அதுவரை என்னை ஒருமையில் மட்டுமே அழைத்தவர். அந்த 'நீங்க' மரியாதையா, விலகலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேள்வி நியாயமானது.

"அவங்களக் கேக்கல சார். கேக்கணும்," என்றேன்.

மையத்தை வேறு துறையோடு சேர்க்கும் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த மாதமே மாணவர்களை அழைத்துக்கொண்டு தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.