எங்கட நாய்க்கு என்ன பேர்?

குஞ்சு, நாளைக்கு உனக்கு முப்பத்தோராம் நாள் படையல். வடைக்கு உழுந்து ஊறப்போட்டுவிட்டு வெளியே வந்தால், நம்ம ஜிந்துப்பிட்டி ஒழுங்கையில் தெருநாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போட ஆட்கள் நிற்கிறார்கள்.

நீ வேலைக்குப் போகும்போது பாண் போடுவாயே, அந்தக் கறுப்பு நாய் ஓட்டோவுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தது.

"இது ஆருமில்லாத நாய், ஆக்களைப் பார்த்துக் குரைக்குது. பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றாள் முன்வீட்டு ராணி.

"இல்லை, அது எங்கட நாய்" என்றேன்.

"தெருநாயைத் தொட்டிட்டு வீட்டுக்குள்ள வராதை" என்று உன்னைத் துரத்தின அம்மாதான் அப்படிச் சொன்னேன்.

"அப்ப கூப்பிடுங்கோ அம்மா" என்றார் ஊசிக்காரர்.

ஜிம்மி என்றேன். டொமி என்றேன். டைகர் என்றும் கூப்பிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராணி சிரித்தாள். "என்னக்கா, உங்கட நாயின்ட பேர் உங்களுக்கே தெரியாதா?"

ஊசிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நாயைக் கொண்டுபோகவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு அட்டையைத் தந்தார். "வீட்டில கேட்டு எழுதுங்கோ" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது அதன் பேர் தெரிந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள்.

குஞ்சு, குனிந்து அதன் காதுக்குள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாய்?