ஒரு கரண்டி வனஸ்பதி

கலைமணி மண்ணூரில் பிறந்து இருங்காட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவளும் ஆறு வருடம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நின்றாள். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும் வேலையை விட்டு, வீட்டு முன்பக்கம் தகர ஷீட் இறக்கி மெஸ் போட்டாள். சுற்றியுள்ள வாடகை அறைகளில் ஆறு பேர், எட்டு பேராகத் தங்கியிருந்தவர்கள்தான் வாடிக்கை. பதினோரு வருடத்தில் அவள் குருமாவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஏ ஷிப்ட் எனும் காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அறைக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்காருவார்கள். அந்த மணத்துக்குக் காரணம் வனஸ்பதி என்று அவளுக்குத் தெரியும். இறக்குவதற்கு முன் ஒரு கரண்டி உருக்கி ஊற்றினால் போதும், குருமா மினுமினுக்கும்.

இசக்கியப்பன் ஆறு வருடமாக மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், முப்பத்தாறு வயது, கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் ஆபரேட்டர். மனைவியும் மகளும் ஊரில். அவனுடைய அப்பா நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் நூற்று முப்பதுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்திரண்டு என்று வந்ததும் அவன் மிரண்டுபோனான். டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார், வனஸ்பதி, பாமாயில், கறிக் கொழுப்பு எல்லாவற்றையும் நிறுத்து, அப்புறம் முடிவு செய்யலாம் என்று அனுப்பினார்.

அன்று மத்தியானமே அவன் கலைமணியிடம் வந்து சொன்னான். தனக்கு மட்டும் தனியாகச் சமைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்குச் செய்கிற மாதிரி ஒரு சின்னக் குக்கர் எடுத்து வைத்து, கொஞ்சமாகக் கடலை எண்ணெய் விட்டுத் தாளித்துக் குழம்பு வைத்தாள். பொரியலில் தேங்காயைக் குறைத்தாள். தோல் எடுத்த கோழி, வேகவைத்த பயறு என்று பத்து நாள் ஒழுங்காகத்தான் போயிற்று.

ஆனால் அவன் சாப்பிடும் விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன் பரோட்டாவைக் குருமாவில் ஊறப்போட்டுத் தின்ன, இவன் தட்டைப் பார்த்தபடி மெதுவாகப் பிசைந்துகொண்டிருப்பான். பாதியில் கை கழுவுவான். ஒருநாள், அறையில் சேர்ந்து தங்கியிருந்தவன் இவன் குழம்பில் விரல் விட்டு நக்கிப் பார்த்து, அக்கா கைப்பக்குவம் இதில் காணாமல் போய்விட்டதே என்று சிரித்தான். இசக்கியப்பனும் சிரித்தான். கலைமணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

மறுநாள் அவன் குழம்பிலும் ஒரு கரண்டி வனஸ்பதி ஊற்றினாள். ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவன் இரண்டு முறை சோறு வாங்கினான். எப்படிக்கா இந்த ருசி வந்தது, வனஸ்பதி போட்டீர்களா என்று கேட்டான். பக்குவம்தான் என்றாள். அவன் அதை நம்பினான். அதோடு நிறுத்தாமல், வனஸ்பதி இல்லாமலே அதே ருசியில் அக்கா சமைக்கிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தான். இரண்டு பேர் வந்து அவளைப் பாராட்டிவிட்டும் போனார்கள். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டரை மாதம் அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

அந்தப் பேச்சு கம்பெனி மெடிக்கல் ரூம் நர்ஸ் ஷெர்லின் காதுக்குப் போயிற்று. படப்பையிலிருந்து வருகிற பெண். ஒரு சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக மெஸ்ஸுக்கு வந்துவிட்டாள். கொழுப்பு ஏறிய ஆட்கள் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள், உங்கள் சமையலை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் சொல்வேன் என்றாள். கலைமணி அடுக்களை வாசலை மறைத்து நின்றுகொண்டு, கடலை எண்ணெய் அளவையும் பயறு அளவையும் சொன்னாள். ஷெர்லின் மரியாதையாக ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதியபடியே விளக்கினாள்.

"ரத்தத்துல சுத்துற கெட்ட கொழுப்ப ஈரல் இழுத்துக்கணும்க்கா. வனஸ்பதி மாதிரி உறையுற கொழுப்பு தெனம் உள்ள போச்சுன்னா ஈரல் அந்த வேலைய சரியா செய்யாது. அது ரத்தக்குழாய்லயே படிஞ்சிடும். நீங்க செய்யறது அவருக்கு மருந்து மாதிரி."

கலைமணி தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் அடுப்பு மேடையில் வனஸ்பதி டின் மூடி திறந்தபடி இருந்தது. ஷெர்லின் போனபின் அதை மூடக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

ஆனாலும் அப்போதும் அவள் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவன் குழம்பில் ஊற்றுவதை மட்டும் நிறுத்தினாள். யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நான்கே நாளில் அவன் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தான். நூற்று எழுபத்தாறு.

மத்தியானம் மூன்று மணிக்கு மெஸ்ஸில் யாரும் இல்லாதபோது வந்து உட்கார்ந்தான். டாக்டர் அவனைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். வெளியே திருட்டுத்தனமாகத் தின்கிறாயா என்றுகூடக் கேட்டிருக்கிறார். இவன் மகள் மேல் சத்தியம் பண்ணி, எங்கள் அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று வாதாடியிருக்கிறான். அப்படியென்றால் இது பரம்பரை வாகு, சாப்பாட்டில் அடங்காது போல என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார்.

"எங்கப்பா ரத்தம்க்கா இது. என்னத்தத் தின்னாலும் அதே கததான். பேசாம ரெண்டு பரோட்டா போடுங்க, பழையபடி தின்னுட்டுப் போறேன்" என்றான்.

கலைமணி பரோட்டா எடுக்கப் போகவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேஜையில் காய்ந்து ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"உன் ரத்தம் இல்ல. நான்தான். உன் கொழம்புலயும் ஊத்திகினு இருந்தேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின், "எத்தன நாளா?" என்று கேட்டான்.

"ரெண்டு மாசத்துக்கு மேலயே."

"ஏன்க்கா?"

நீ பாதியில் எழுந்து போனது பொறுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பாதி உண்மைதான் என்று பட்டதும் நிறுத்திக்கொண்டாள். "என் சமையல் நல்லால்லனு சொன்னாங்க. அதான்" என்றாள். சொன்னபோது அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பாள். அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவள் கம்பெனி கேட்டுக்குப் போய், செக்யூரிட்டியிடம் சொல்லி ஷெர்லினை வெளியே வரவழைத்தாள். நோட்டில் எழுதிய சமையல் சரிதான், ஆனால் அவனுக்கு நான் போட்டது அது இல்லை என்று அங்கேயே, ஆள் போக வர, சொன்னாள். ரிசல்ட் வந்ததும் அவர் பொய் சொல்கிறார் என்று நானே கடுமையாகப் பேசிவிட்டேனே என்றாள் ஷெர்லின். டாக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று ஷெர்லின் உள்ளே போனாள்.

மெஸ்ஸில் வனஸ்பதியை அடியோடு நிறுத்தினாள். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் திரும்பக் காய்ச்சுவதையும் விட்டாள். குருமாவில் மினுமினுப்பு போயிற்று. பத்துப் பன்னிரண்டு பேர் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்கு மாறினார்கள். மாறியவர்களிடம் அவள் காரணம் கேட்கவில்லை.

இசக்கியப்பன் அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டான். மாத்திரையைத் தள்ளிவைத்து டாக்டர் மறுபடி கொடுத்த மூன்று மாதத்தில் கொழுப்பு நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியது. அப்பா வழி பயம் இருப்பதால் சின்ன அளவில் ஒரு மாத்திரை போடச் சொன்னார்கள். அதைச் சொல்ல அவனே ஒருநாள் மெஸ் வாசலுக்கு வந்தான். கலைமணிக்குக் கண் கலங்கியது. உட்காரு, ஒரு வாய் சாப்பிடு, இப்போ எல்லாருக்குமே கடலை எண்ணெய்தான் என்றாள்.

அவன் வாசற்படியிலேயே நின்றான். "கோவம்லாம் இல்லக்கா. ஆனா உங்க கையால வாங்கித் திங்க மனசு வரமாட்டேங்கு."

அவள் சரி என்றாள். கூடையிலிருந்த கொய்யாப்பழத்தைக் கொடுக்கலாமா என்று நினைத்து, கொடுக்கவில்லை. சித்திரையில் அவன் குடும்பத்தைக் கூட்டிவந்து படப்பையில் வீடு பிடித்துப் போய்விட்டான்.

இப்போதும் டாக்டர் சொன்னார் என்று யாராவது எண்ணெயைப் பற்றிக் கேட்டால், கலைமணி பதில் சொல்வதில்லை. அடுக்களைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். "என் பேச்ச நம்பாத. உள்ள போயி நீயே பாத்துக்கோ" என்பாள்.