கம்ப்யூட்டருக்குள் அடுப்புக்கரி

மகளின் பாடத்தைத் திறப்பதற்குள் தேநீரே குடித்து முடித்துவிடலாம், அவ்வளவு மந்தம் எங்கள் பழைய கம்ப்யூட்டர். புதிது வாங்க வழியில்லை. பதுளையில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் விறகுப் புகை வாடை அடித்தது. உள்ளேயிருந்த காற்றாடி முழுக்கக் கரி.

"தொடச்சாலே வேகமா ஓடும். இனிமே அடுப்புக்கிட்ட வைக்காதீங்க, தாங்காது."

அந்த வாடையில்தான் நான் வளர்ந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் ஈர விறகு புகைய, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே ரொட்டி தட்டுவாள். புகைபோக்கி கேட்டுப்போன அப்பாவிடம் தோட்டத்துத் துரை சிரித்தாராம்: "ஒங்களுக்குத்தான் பழகிருச்சே!"

அந்தச் சிரிப்பு இன்றும் பற்றியெரிகிறது. கடைக்காரரிடம் வெடித்தேன்.

"இன்னும் அதே லயந்தாங்க, இருக்கிறதே ஒரு காம்பரா, சமைக்கிறதும் படுக்கிறதும் அதுக்குள்ளதான். இதே தாங்காதுன்னா, அதே அடுப்புக்கிட்ட படுக்கிற எம்புள்ள தாங்குமா?"