கோட்டு லைனிங்கில் சிக்கிய ரப்பர் பிடி

பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னை நிபுணன் ஆக்கிவிட்டார். இங்குள்ளவர்கள் பேசிய இத்தாலிய மொழியை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நீர் வன்னியிலயிருந்து வந்தனீர்தானே? துவக்கைப் பற்றி உமக்கு நான் என்னத்தைச் சொல்லித் தாறது!"

"ஓம்" என்றேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எனக்கு வேலை ஒப்பந்தம் வேண்டியிருந்தது. உண்மையில் நான் கிளிநொச்சியில் தையல்காரன். வெடிச்சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் என் ஆயுத அறிவு.

துவக்கு விற்பது முதலாளி. பிடி, உறை, ரவை போடும் லோடர் விற்பது நான். நான் சேர்ந்த ஏழாம் மாதம் வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து நகைக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அவர் வாங்கியது கோட்டுப் பையில் வைக்கும் சின்ன ஐந்து ரவை ரிவால்வர். லைசென்ஸ் இருந்தது. கை பெரிது, மரப்பிடியில் சுண்டுவிரல் வெளியே தொங்கியது. விரல் பதியும் தடித்த ரப்பர் பிடியைப் பூட்டிக் கொடுத்தேன்.

"கை நல்லா நிறையுது" என்றார்.

ஐந்து ரவையையும் ஒரேயடியாகப் போடும் வட்ட ஸ்பீட் லோடர் அந்தப் பிடியில் இடித்தது. பையிலும் புடைத்தது. அதற்குப் பதில் ரவைகளை வரிசையாகச் செருகும் தட்டையான ஸ்ட்ரிப்பைக் கொடுத்தேன். முதலாளி பெருமையாகத் தலையாட்டினார்.

மூன்று கிழமை கழித்து நகைக்கடைக்காரர் கிழிந்த கோட்டோடு வந்து கதிரையில் விழுந்தார்.

"காலமை கடை திறக்கேக்க ஹெல்மெட்டோட ஒருத்தன் ஓடி வந்தான். தன்ரை பைக்குள்ள கையை விட்டான். நானும் என்ரை பைக்குள்ள கையை விட்டன். இழுத்தா வரேல்லை. ரப்பர் லைனிங்கைப் பிடிச்சிட்டுது. அவன் ஹெல்மெட்டைக் கழட்டினான். என்ரை மருமகன்! பிள்ளை பிறந்திட்டுது எண்டு போனிலை படம் காட்ட வந்தவன்."

ரப்பர் துணியைப் பற்றும், பைக்கு வழுக்கும் மரப்பிடிதான் சரி என்பது தையல்காரனுக்குத் தெரியாமல் போகலாமா? கையை அளந்தவன் பையை அளக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

பிடி சிக்கியதால்தான் மருமகன் தப்பினான் என்று முதலாளிக்கோ ஒரே சந்தோசம். "பாத்தீரோ, வன்னி ஆளின்ரை அனுபவத்தை!"

"ஐயா, நான் தையல்காரன்" என்றேன் நகைக்கடைக்காரரிடம். முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. "பிழை என்ரை. மரப்பிடி மாத்தித் தாறன்."

அவர் யோசித்தார். "பிடி இருக்கட்டும். அப்ப கோட்டைத் தைச்சுத் தாரும்."

அந்தக் கடையில் நான் தெரிந்து செய்த முதல் வேலை அது. லைனிங்கை இரட்டைத் தையலில் தைத்தேன். அவர் கேளாமலே பையின் வாயையும் அரை அங்குலம் ஒடுக்கினேன். பிடியைத் தெரிவு செய்யுமுன் பையைப் பார்க்க வேண்டும், பைக்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் படித்தேன்.

அவர் ரப்பர் பிடியோடே ரிவால்வரைப் பையில் வைத்து இழுத்துப் பார்த்தார். வெளியே வரவில்லை, முன்னையைவிட இறுகி நின்றது.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அளவு சரி" என்றார்.