அத்தை ஏறாத வண்டி

என் தாய்மாமன் தூரம் சொல்லும் விதமே தனி. கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கிய நாளிலிருந்து யார் எப்போது கேட்டாலும், கையிலிருந்த கறுப்புக் குடையை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்க, அந்த மேட்டுக்குப் பின்னாலதான்" என்பார். மேடு வரும். அதற்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும். அவர் முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இராது. காடு முழுக்க எங்களை இப்படியே நடத்தி மாத்தளையைத் தாண்ட வைத்துவிட்டார்.

காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துப் போகிற கங்காணி அவர். அந்த வருஷம் எங்கள் ஊர்ப்பக்கம் மழை இல்லை. கோட்டும் குடையுமாக வந்து நின்றவரைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. ஆனாலும் கிளம்ப யாருக்கும் மனம் வரவில்லை. அப்போது அவர், "இந்தத் தடவை என் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். சொந்தப் பெண்டாட்டியையே அழைத்துப் போகிறவன் பொய் சொல்வானா என்று எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அப்பாவும் கட்டினார். அம்மா மட்டும் தன் அண்ணனை நம்பவில்லை. அத்தையை நம்பி வந்தாள். அத்தையும் அம்மாவும் ஒரே வயதுக்காரர்கள். காடு முழுவதும் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து, அடுத்தவர் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டே வந்தார்கள்.

காட்டில் நாங்கள் மிருகங்களுக்குப் பயந்தோம். காடு முடிந்து வயலும் வீடும் தெரியத் தொடங்கியதும் மனிதர்கள் எங்களுக்குப் பயந்தார்கள். எங்களைப் போன்ற கூட்டங்களோடு வாந்திபேதியும் நடந்து வருகிறது என்று வழியெல்லாம் பேச்சு. கடைத்தெருவுக்குள் நுழைந்தால் பலகைகளை எடுத்து வைத்து அடைப்பார்கள். வரப்பில் கால் வைத்தால் மண்வெட்டியோடு ஓடி வருவார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த சிங்களப் பெண்கள் நாங்கள் கடந்து போகும்வரை நிமிர்ந்து நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கிணற்றடியில் ஒருவர் உயரத்திலிருந்து ஊற்ற, கீழே குந்தியிருந்து கையேந்திக் குடிப்போம். அப்படிக் குடித்த தண்ணீரில் பாதி முழங்கை வழியாக ஒழுகிப் போகும். அம்மா ஓரிடத்தில் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். தாகத்தைவிட அவளுக்குக் கோபம் பெரிதாக இருந்தது.

மாத்தளையைத் தாண்டியதும் அத்தைக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. முதலில் காய்ச்சல். பிறகு வயிற்றுப்போக்கு. மாமா யாருக்கும் தெரியக்கூடாது என்றார். தெரிந்தால் ஓடம் ஏறும் ஆற்றங்கரையில் சர்க்கார் ஆட்கள் கூட்டத்தையே மறித்து உட்கார வைத்துவிடுவார்களாம். அதற்குள் தோட்டத்துத் துரை வேறு கூட்டத்தைப் பிடித்துக்கொள்வாராம். ஆகையால் ஊர்களுக்குள் போகும்போது அத்தை நேராக நடக்கவேண்டும். அம்மா ஒரு பக்கமும் இன்னொருத்தி மறுபக்கமும் தோள்கொடுக்க, அத்தை பற்களைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தாள். ஊர் கடந்ததும் பாதையோரத்தில் மடிந்து விழுவாள்.

அலவத்துகொடையில் வண்டிக்காரர்கள் மாடு அவிழ்த்துவிடும் ஒரு கொட்டகையில் அன்றிரவு தங்கினோம். விடியுமுன்னே மாமா எல்லோரையும் எழுப்பிக் கிளப்பினார். அத்தையைத் தான் அழைத்து வருவதாகச் சொல்லி, பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் போகச் சொன்னார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் கிட்டியது. மாமா பின்னாலிருந்து வேகமாக வந்து, ஒரு கம்பளியை என் தோளில் போர்த்திவிட்டுப் போனார். வழி முழுவதிலும் அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. நான் பெருமையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

வெளுத்த பிறகுதான் அத்தையைக் காணோம் என்று அம்மா கவனித்தாள்.

"அண்ணே, மதினி எங்க?"

"வண்டி பேசி ஏத்திவிட்டிருக்கேன். பின்னால வருது. நீ நட."

காப்பி மூட்டை ஏற்றிய கூண்டு வண்டிகள் மணிச்சத்தத்தோடு எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் அதில் ஏற ஆசைப்பட்டு வந்தவள் நான். அத்தைக்கு மட்டும் வண்டியா? எனக்கும் காய்ச்சல் வரக்கூடாதா? கொஞ்ச தூரம் காலை நொண்டி நொண்டி நடந்து பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பாதை பிங்கா ஓயா என்ற ஆற்றை ஒட்டியே போயிற்று. அக்குறணையில் பாக்கு மரங்களின் நிழலில் இளைப்பாறினோம். வீட்டு முற்றங்களில் பாய் விரித்துக் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தார்கள். அம்மா பாதையில் இறங்கி, வந்த வழியைப் பார்த்து நின்றாள். வண்டிகள் வந்தன. எதுவும் நிற்கவில்லை. மாமாவிடம் மறுபடியும் போய்க் கேட்டாள். அவர் குடையை விரித்துப் பிடித்தபடி, "அது அப்பவே நம்மளத் தாண்டி முன்னால போயிருச்சே. நீ பாக்கலையா?" என்றார்.

அம்மா கட்டுகஸ்தோட்டை வரும்வரை நிற்கவே இல்லை. அவள் நடந்த வேகத்துக்கு என்னால் ஓடத்தான் முடிந்தது.

அப்போது கட்டுகஸ்தோட்டையில் பாலம் கிடையாது. மகாவலி ஆற்றை ஓடத்தில்தான் கடக்கவேண்டும். கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா முதல் ஓடத்திலேயே அக்கரை போய்விட்டார். தம்பி பால்குடி மறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவைக் கண்டால் அடம் பிடிப்பான் என்று அப்பாதான் அவனைத் தூக்கி நடந்தார்.

அம்மா அந்த வண்டி வரிசையின் முதலாவது வண்டிக்குப் போனாள். பின்பக்கத்துக் கீற்றுத் தட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். மூட்டை. அடுத்த வண்டி. மூட்டை. வண்டிக்காரர்கள் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். அவள் ஒரு வண்டியையும் விடவில்லை. நானும் கூடவே குனிந்து குனிந்து பார்த்தேன். எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. கடைசி வண்டியையும் பார்த்துவிட்டு, ஓடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மதினி எந்த வண்டியில வருது?"

"சொன்னேன்ல."

"எந்த வண்டி?"

மாமா சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நடக்க முடியாதவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? அவளைக் காட்டுனா உங்க எல்லாரையும் இங்கனயே மறிச்சுருவாங்க. கொட்டகையில படுக்க வச்சு, பக்கத்துல தண்ணியும் வச்சுட்டுத்தான் வந்தேன். எல்லாம் உங்களுக்காகத்தான்."

அம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கினாள். முழங்காலில் வைத்து ஒரே அழுத்தில் முறித்தாள். கம்பிகள் தெறித்து நின்றன. இரண்டு துண்டையும் ஆற்றில் எறிந்தாள். கூட்டம் அப்படியே நின்றது. கங்காணியின் குடையைத் தொட்டவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"புருசன் அக்கரையில நிக்கிறான்" என்றார் மாமா.

"நிக்கட்டும்."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

காலையில் நடந்த அதே பாதை. ஆனால் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் தனியாகப் போகும்போது ஊர்கள் வேறு மாதிரி இருந்தன. யாரும் கடையை அடைக்கவில்லை. ஒரு சிங்களப் பெண் வேலியோரம் வந்து என் கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள். அம்மா அவளையும் முறைத்துப் பார்த்தாள். காலையில் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அத்தையை வண்டியில் ஏற்றாமல் விட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் ஓடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டகை வந்தது. உள்ளே யாரும் இல்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. அத்தை படுத்திருந்த இடத்தில் வைக்கோல் அமுங்கியிருந்தது. அம்மா அந்த வைக்கோலில் கையை வைத்துக் குந்தினாள்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பொம்புளயத் தேடியா வந்தீங்க?"

தலையில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண் நின்றாள். அவள் புருஷன் பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவர் என்று பிறகு தெரிந்தது. "பயப்படாதீங்க. உசிரோடதான் ஈக்கிறா. எங்க ஊட்டுலதான் ஈக்கிறா. உள்ளுக்கு வாங்க" என்றாள்.

பின்கட்டில் ஒரு பாயில் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி விட்டிருந்தார்கள். மடியில் கஞ்சிக் கோப்பை. கண் குழிவிழுந்திருந்தது. ஆனால் கண்ணுக்குள் நெருப்பு இருந்தது.

"அவர் அனுப்புனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. நானாத்தான் வந்தேன்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தோளிலிருந்த கம்பளியைப் பார்த்தாள்.

"நெனவு தப்பிக் கெடக்கேன்னு நெனச்சிட்டாரு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணியக் கொண்டாந்து வச்சாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் என் மேல கெடந்த கம்பளிய உருவிக்கிட்டுப் போனாரு."

அம்மா எழுந்து வந்து கம்பளியை என் மேலிருந்து பிய்த்து எடுத்தாள். அடுப்பில் போடப் போனாள். அத்தை கையை நீட்டி, "குடு இங்க. எனக்குக் குளிருது" என்றாள். வாங்கிப் போர்த்திக்கொண்டு கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினாள்.

அந்தக் கம்பளிக்குள் நாள் முழுவதும் நான் எவ்வளவு சுகமாக இருந்தேன்! மாமாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இன்றைக்கு அந்த மலையெல்லாம் காப்பி பட்டுப்போய்த் தேயிலை வந்துவிட்டது, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை அத்தை வரவில்லை என்று சொல்லிவிட்டாள். உடம்பு தேறினாலும் வரமாட்டாளாம். அந்த வீட்டில் மாடு பார்க்க ஆள் வேண்டியிருந்தது. மிளகு பறிக்க வேண்டியிருந்தது. கொல்லையில் காப்பிச் செடியும் நின்றது. வீட்டுக்காரப் பெண், "அவ ஈக்கட்டுமே. எங்களுக்கு ஒரு ராத்தா ஈக்கிற மாதிரி" என்றாள். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

அத்தை அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீயும் இருந்துரு தாயி. புள்ளையும் இருக்கட்டும். அவரு கூட்டத்துல போயி நீ என்னத்தக் காணப் போற?"

அப்போதுதான் அம்மா கத்தினாள். முந்தின நாள் ஆற்றங்கரையில் வராத குரல் அப்போது வந்தது. "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எந்த வாயால சொல்ற? ஒனக்கென்ன, நீ ஒத்தக்கட்டை. எனக்கு அப்பிடியா?" கையை உதறிக்கொண்டாள். அத்தை குழந்தையில்லாதவள். அம்மா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவை விட்டுவிட்டு இந்தப் பாவப்பட்ட அத்தையிடம் ஏன் எரிந்து விழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரப் பெண் குரக்கன் என்று அவர்கள் சொல்லும் கேழ்வரகில் சுட்ட ரொட்டியை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். அம்மா அத்தையைத் திரும்பிப் பார்க்காமலே வாசல் இறங்கினாள்.

பாதையில் கொஞ்ச தூரம் வந்ததும் நான் சும்மா இருக்கமாட்டாமல், "அந்த வீடு நல்லா இருந்துச்சுல்ல, ஆத்தா" என்றேன். முதுகில் பளாரென்று ஒரு அடி விழுந்தது. நான் அழவும், அடித்த கையாலேயே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் தூக்கும் வயதைக் கடந்தவள். என் கால்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. ஒரு வளைவில் என்னை இறக்கிவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். வயல்களுக்கு அப்பால் அந்த வீட்டுக் கூரைப் புகை தெரிந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் இல்லாட்டி ஒன் தம்பி தேடுவானா?"

"தேடுவான். அழுவான்" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அது. சரியாகச் சொல்லிவிட்ட பெருமையும் எனக்கு இருந்தது.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அதன் பிறகு எங்கும் உட்காரவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் அப்பா இக்கரைக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை ஓட்டிக்கொண்டு மாமா போய்விட்டாராம். இரவெல்லாம் அழுது ஓய்ந்த தம்பி அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பறித்துத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். அப்பா கோபப்படவில்லை. அத்தை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றாள் அம்மா.

ஓடத்தில் ஏறி நின்றோம். நடு ஆற்றில், "வேற என்ன சொல்லுச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லல."

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "நம்மளையும் அங்கயே இருக்கச் சொன்னாங்கப்பா" என்று வாயெடுத்தேன். 'நம்மளையும்' என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. தம்பியின் கால்களுக்கு அடியில் மறைவாக வந்த அம்மாவின் விரல்கள் என் புஜத்தைப் பிடித்துக் கிள்ளின. ரத்தம் கட்டும் அளவுக்குக் கிள்ளினாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசியதற்காகத்தான் கிள்ளினாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.