பேர்கள் நிறைந்த வசனம்

நேற்று சிராங்கூன் ரோட்டில் ஒரு வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வேதம் வாசித்தோம். பக்கத்தில் இருந்த சிறுமி, தன் முறைக்கு வரப்போகும் வசனத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து உதட்டுக்குள் பழகிக்கொண்டிருந்தாள். சட்டென்று பாட்டி வீட்டு மண்ணெண்ணெய் விளக்கின் வாசனை எனக்கு வந்தது.

பாட்டி மிஷனில் உபதேசியம்மா. பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவார். சாயங்காலம் வீட்டில் நாங்கள் வாசிக்க வேண்டும். கூச்சக்காரியான நானும் அந்தச் சிறுமியைப் போலத்தான் பழகி வைப்பேன்.

ஒருநாள் வாசிப்பு தொடங்கிய பிறகு, பாட்டிக்கு மேலதிகாரியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, எனக்கு முந்திய இடத்தில் உட்கார்ந்தார். நான் பழகிய வசனம் அவருக்குப் போய்விட்டது. எனக்கு வந்ததோ வரிசையாக வாயில் நுழையாத பேர்கள்.

"நல்லா மாட்டிக்கிட்டியா!" என்று அண்ணன் காதருகே சிரித்தான். முதல் பேரிலேயே என் நாக்கு நின்றுவிட்டது.

பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிஸ்ஸியம்மாவைப் பார்த்தார். "அம்மா, இந்தப் பேரெல்லாம் எனக்கும் வராது. வீடுகள்ல படிக்கிறப்ப, 'இன்னும் சில பேர்'னு சொல்லித் தாண்டிருவேன்."

பாட்டியின் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மிஸ்ஸியம்மா சிரித்துவிட்டார். "நானும் அவ்வாறே செய்கிறேன்," என்றார்.

"இன்னும் சில பேர்," என்று வாசித்து மூச்சு விட்டேன்.

அடுத்த வசனமும் பேர்கள்தான். அண்ணனும் உற்சாகமாக, "இன்னும் சில பேர்," என்றான்.

"நீ எங்கலே தாண்டுற? சிரிச்ச வாய்தானே, ஒவ்வொண்ணா வாசி," என்றார் பாட்டி.